மூன்று பட்டியலிலும் இருக்கும் பாட்டு

கீழச்செம்பூர்ப் பெண்கள் பதினோரு பேர் உரக்கடை மாடியில் உட்கார்ந்து ஊர் உலகத்துப் பாட்டையெல்லாம் சரிபார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பாட்டைப் பார்த்து நீங்கள் நடுங்கப்போகிறீர்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர்களில் ஒருத்திக்கும் பாட்டு கேட்க நேரம் கிடையாது. செல்போனில் பாட்டுப் போடும் கம்பெனிகள் மூன்று. அந்த மூன்றின் பட்டியல்களும் கம்ப்யூட்டரில் அடுத்தடுத்து வந்து நிற்கும், ஒரு பாட்டு முதல் பட்டியலில் இருக்கிறதா, இரண்டாவதில் இருக்கிறதா, மூன்றாவதில் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிற இடத்தில் டிக் போட்டு, இல்லாத இடத்தைக் காலியாக விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கம்பெனிகளின் பெயர் வாயில் நுழையாததால், ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளைப் போல பெரியவன், நடுவிலான், சின்னவன் என்று வைத்துக்கொண்டார்கள். "பெரியவன்ட்ட இருக்கு, நடுவிலான்ட்ட இல்ல, சின்னவன் கள்ளப்பய, பேரை மாத்தி வச்சிருக்கான்" என்று நாளெல்லாம் பேச்சு நடக்கும்.

பதினோரு பேரில் கைவேகம் பிரம்மசக்திக்குத்தான். புருஷன் சொரிமுத்து மினி பஸ்ஸில் கண்டக்டர், ஒரே மகள் சந்தனமாரி மூன்றாம் வகுப்பு. ஒரே பாட்டு எழுத்து மாறி, பெயர் மாறி இரண்டு வரியாக நின்றால் பிரம்மசக்தியின் கண்ணுக்குத் தப்பாது, உடனே 'ஒன்றுதான்' என்கிற பொத்தானை அமுக்குவாள். அமுக்கினால் இரண்டு வரியும் ஒரு வரியாகிவிடும். பாடினவர் பெயர் இரண்டும் அதில் இருக்கும், நீளத்தில் எது அதிகமோ அது நிற்கும், இரண்டு வரியின் டிக்குகளும் சேர்ந்துகொள்ளும். நீளம் ஒரு வினாடி இடித்தாலும் அமுக்க மாட்டாள், நீளம் வேறென்றால் பாட்டு வேறு என்பது அந்த மாடியின் வேதம். அவள் ஒன்று என்று சொன்னதை மேனேஜர் ஜேசுபாலன் மறுபடி பார்த்ததே இல்லை.

ஆடி இரண்டாம் செவ்வாய்க்கிழமை, தினமும் பதினோரு மணிக்குப் பட்டியல் புதிதாக வருமே, அதில் பாட்டுப் பெயரே இல்லாத ஒரு வரி வந்தது. பாடியவர் என்ற இடத்தில் 'கோமு, தெப்பக்குளத் தெரு' என்று இருந்தது. நீளம் ஆறு நிமிடம் நாற்பது வினாடி, பெரியவனிடம் மட்டும் டிக். கோமு பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். ஹெட்போனை மாட்டிக் கேட்டால், அவள் குரல், மூக்கைச் சிந்திச் சிந்தி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது.

"நான் எங்கட்டி பாடுனேன்?" என்றாள் கோமு. "எனக்குத் தாலாட்டே வராது."

ஒன்பதாம் நாள் நடுவிலானிடம் டிக் விழுந்தது, பதினைந்தாம் நாள் சின்னவனிடம். அன்று விளக்கு வைப்பதற்கு முன்னால், சாப்பிட்ட கையைக் கழுவ எழுந்த கோமுவின் மாமனார் அப்படியே சுவரில் சாய்ந்தார். துக்கம் கேட்கப் போன பிரம்மசக்திக்கு அடுத்த வரி என்ன என்பது ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே தெரிந்தது. சரியாக ஆறு நிமிடம் நாற்பது வினாடியில் கோமு அழுகையை நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குக் காப்பி போட எழுந்துபோனாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று வரிகள் வந்தபடி இருந்தன, ஊரும் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது, ஏனென்றால் எது வந்தாலும் காலையில் எழுந்து பல் தேய்க்கத்தானே வேண்டும். வீட்டுக்கு மூன்று செல்போன் ஆனது, மூன்று கம்பெனிக்கும் ஒவ்வொன்று. பதினோரு மணியானால் டீக்கடையில் பாட்டு நிற்கும், தறியில் கை நிற்கும், வகுப்பில் வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சட்டைப் பையை எட்டிப் பார்ப்பார். ஒரு டிக் என்றால் சொந்தக்காரர்கள் வந்து நலம் விசாரித்தார்கள், இரண்டு டிக் என்றால் பத்து வருஷம் பேசாத பங்காளி பலகாரத்தோடு வந்து நின்றான், மூன்று டிக் என்றால் அன்று விளக்கு வைப்பதற்குள் சாவு, பந்தல்காரர் சொல்லாமலே மூங்கிலை இறக்கினார். கல்யாணத் தரகர் ஜாதகத்தை ஒரு கையிலும் செல்போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு வந்தார். புருஷன்மார்கள் பெண்டாட்டியின் தொண்டைக்குப் பயந்து, அவள் செருமினால்கூட என்ன என்ன என்று ஓடி வந்தார்கள். கல்யாணமே செய்துகொள்ளாத பத்திர எழுத்தர் ஆண்டபெருமாளுக்கு வேறு விதமான பயம். தனக்காக அழுகிற குரல் எந்தப் பட்டியலிலும் இல்லையே என்று தினமும் மூன்றையும் தேடித் தேடிப் பார்த்து இளைத்துப்போனார், ஒரு நாள் அவர் செத்தபோது பட்டியலில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

ஜேசுபாலன் அந்த வரிகளை அழித்துப் பார்த்தார். அடுத்த நாள் பதினோரு மணிக்கு அவை அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன. மூன்று கம்பெனிகளுக்கும் எழுதிக் கேட்டார். அப்படி ஒரு பாட்டு எங்களிடம் இல்லை, மற்ற இருவரிடம் இருக்கலாம் என்று மூன்று பேரும் ஒரே மாதிரி பதில் போட்டார்கள்.

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பிரம்மசக்தியின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது. 'பிரம்மசக்தி, வடக்கு ரத வீதி, ஒன்பது நிமிடம் ஐந்து வினாடி.' பெரியவனிடம் டிக்.

ஒப்பாரியில் பெயர் சொல்லி அழுகிற வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. கண்ணே, ராசா, என் சாமி என்றுதான் அழுவார்கள். ஆனால் புருஷனுக்கு அழுதால் தாலியும் பூவும் வரும், கூடப்பிறந்தவனுக்கு அழுதால் பிறந்த வீட்டுச் சீர் வரும், சொல்லை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பிரம்மசக்தி தாலி வருகிறதா என்று தேடினாள். தேடினாள் என்பதைவிட, வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கேட்டாள், அதை அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவும் இல்லை. தாலி வரவில்லை, சீர் வரவில்லை. நான்காவது நிமிடத்தில் அவள் குரல், "ரெட்டைச் சடை பின்னி வச்சேன், ரிப்பன் இன்னும் கசங்கலையே" என்றது. பிரம்மசக்தி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அதிலிருந்து அவள் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் சொரிமுத்து பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். "எனக்குத்தானட்டி? நல்லாக் கேளு. தாலின்னு ஒரு சொல்லுகூடவா வரல?"

"வரல."

"இன்னொருக்கா கேளு. நடுவுல எங்கயாச்சும் வரும்."

அவள் செல்போனை அவனிடம் நீட்டினாள். அவன் தானே செல்போனைக் காதில் வைத்து ஒன்பது நிமிடமும் கேட்டுவிட்டு, தனக்குச் சாவு வராத துக்கத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதான். சந்தனமாரி உள்ளே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் நடுவிலானிடமும் டிக் விழுந்தது. ஊருக்குத் தெரிந்துபோனது. பெட்டிக்கடைக்காரர் அந்தப் பிள்ளைக்கு இனாமாக மிட்டாய் கொடுத்தார், பூக்காரி இரண்டு சடைக்கும் சேர்த்துப் பூ வைத்துவிட்டாள், எதிர் வீட்டுக்காரர் பிள்ளையைப் பார்க்கத் தாங்காமல் கதவைச் சாத்தினார். எல்லோரும் இவ்வளவு நல்லவர்களாகிவிட்டதைப் பார்க்கப் பார்க்கப் பிரம்மசக்திக்குப் பயம் கூடியது. பிள்ளையைக் கிணற்றுப் பக்கம் விடவில்லை, அடுப்புப் பக்கம் விடவில்லை, சோற்றைப் பிசைந்து முள் இருக்கிறதா என்று பார்த்தாள், அது சாம்பார் சாதம்.

பயம் முற்றினால் சிலருக்குக் கை கால் ஓடாது, சிலருக்கு மூளை அசுர வேகத்தில் ஓடும். பிரம்மசக்தி இரண்டாம் ரகம். அழித்தால் திரும்பி வருகிறது, சரி. ஒன்றாக்கினால்? இரண்டு ஒப்பாரியை ஒன்றாக்கினால் அது இரண்டு பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு அழுகிற ஒப்பாரியாகும். இரண்டு பேரும் யாருக்காக அழுவார்களோ அந்த ஆளுக்குத்தான் சாவு. அப்படி ஒரு ஆளே இல்லையென்றால்? தனக்கு முகம் தெரியாத, தன் வீட்டு நல்லது கெட்டதுக்கு வராத, தானும் போகாத ஒருத்தியின் பாட்டோடு தன் பாட்டைச் சேர்த்துவிட்டால், மூன்று டிக் என்ன, முப்பது டிக் விழட்டும், சாவதற்கு ஆள் கிடையாது.

அப்படி ஒருத்தியைக் கண்டுபிடிப்பது கீழச்செம்பூரில் கஷ்டமே இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனிச் சாவுக்கு ரத வீதியில் யாரும் அழுதது இல்லை, ரத வீதிச் சாவுக்குக் காலனிக்காரர்கள் மேளம் அடித்திருக்கிறார்களே தவிர, நடுவீட்டில் உட்கார்ந்து அழ அவர்களை யாரும் விட்டதில்லை. இத்தனை வருஷமாக ஊர் கட்டிக்காத்த அந்தக் கோட்டைப் போல உறுதியான சுவர் வேறு எது இருக்கிறது என்று பிரம்மசக்தி நினைத்தாள். பட்டியலில் தேடினாள். 'ஆவுடையம்மாள், ஓடைக்கரைக் காலனி, பதினோரு நிமிடம் இருபது வினாடி' என்று ஒரு வரி சின்னவனிடம் மட்டும் நின்றது. அவளுடையதோ பெரியவனிடமும் நடுவிலானிடமும். சேர்த்தால் நாளைக்கே மூன்று டிக் ஆகிவிடும் என்பது தெரியும், தெரிந்துதான் செய்தாள். நீளம் வேறாக இருந்தும் வாழ்க்கையில் முதல் தடவையாக 'ஒன்றுதான்' என்று அமுக்கினாள். அந்தப் பாட்டை மட்டும் அவள் கேட்டுப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாதவளின் அழுகையைக் கேட்டால் தனக்கும் அழுகை வந்துவிடுமோ, வந்தால் அது உறவாகிவிடுமோ என்று பயம்.

மறுநாள் பதினோரு மணிக்கு இரண்டு பெயரோடு ஒரே வரி வந்தது. மூன்று டிக். எதிர்பார்த்ததுதான். பன்னிரண்டு மணிவாக்கில், இனிமேல் கேட்கலாம், கேட்டால் ஒன்றுமில்லை என்று ஹெட்போனை மாட்டினாள். இரண்டு குரல்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு அழுதன. நான்காவது நிமிடத்தில் அவள் குரல் ரெட்டைச் சடை என்றது, கொஞ்சமும் இடைவெளி விடாமல் அந்தக் குரல், "அவுந்த சடைய நான் முடிஞ்சேன், உரிச்ச முட்டை ஆறிப் போச்சே" என்று எடுத்துக் கொடுத்தது.

மாடிப்படியில் செருப்பில்லாமல் இறங்கி அவள் ஓடியதை ஊரே பார்த்தது.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு மணி அடித்திருந்தது. சமையல்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் சந்தனமாரி சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பா திறக்கப்படாமல் பக்கத்தில் கிடந்தது. எதிரே கரண்டியோடு நின்ற பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். காலனியிலிருந்து ஒருத்தி சமைக்க வந்திருக்கிறாள் என்று போன வருஷம் ரத வீதியில் பேச்சு வந்தபோது, பிள்ளைக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்துவிட்டு பிரம்மசக்தி அந்த விஷயத்தை அத்தோடு மறந்திருந்தாள். டப்பாச் சோறு ஆறிப்போய்விடும், இங்கே சூடாகக் கிடைக்கும் என்பதைத் தவிர பிள்ளைக்கு வேறு ஒன்றும் தெரியாது.

"நீங்கதான் ஆவுடையம்மாளா?" என்றாள் பிரம்மசக்தி மூச்சு வாங்கியபடி.

"சந்தனமாரி அம்மாவா?" என்றாள் அவள். கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க வருவீங்கன்னு நெனச்சேன். எனக்குப் புருஷன் இல்ல, பிள்ள இல்ல. பாட்டு வந்த அன்னைக்கு யாருக்கு அழுதேன்னு எனக்கே வெளங்கல. கேட்டுக்கிட்டே வந்தேன், சடைன்னு வந்ததும் வெளங்கிட்டு. மூணு நாளா இவகிட்ட முகங்குடுத்துப் பேசல, முட்டை வைக்கல, வெறுத்துருவோம்னு பாத்தேன். வெறுக்க வரல."

"ரெண்டையும் நான்தான் ஒண்ணுன்னு அமுக்குனேன்" என்றாள் பிரம்மசக்தி.

"ஒண்ணுதான" என்றாள் ஆவுடையம்மாள்.

வெயில் உச்சியில் நின்றது. விளக்கு வைக்க ஆறு மணி நேரம் இருந்தது. கோமு செல்போனைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தாள், அவள் பின்னால் ரத வீதி, அதன் பின்னால் சற்றுத் தள்ளிக் காலனி. பிரம்மசக்தியின் மூளை மட்டும் மாடி நாற்காலியில் உட்கார்ந்து வரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யக்கா" என்றாள். ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பாட்டு பதினோரு நிமிஷம் இருவது செகண்டு. இதுவரைக்கும் ஒருத்தி அழுததும் ஒரு செகண்டு கூடுனதில்ல, குறைஞ்சதில்ல. நீளம் வேறன்னா பாட்டு வேற. இப்பமே அழுவோம். இருவது செகண்டுல நிறுத்தக்கூடாது. தாண்டிப் போயிரணும்."

"பிள்ள உசுரோட உக்காந்திருக்கு. ஒப்பாரியா வைக்கப் போறீங்க?" என்றார் தலைமையாசிரியர்.

இரண்டு பெண்களும் பிள்ளையை நடுவில் உட்காரவைத்து, தோளில் கை போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பதைவிடக் கொடுமை அந்த ஊரில் கிடையாது, பார்க்க முடியாமல் பாதிப் பேர் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். ரெட்டைச் சடை வந்தது, உரித்த முட்டை வந்தது. "யம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்று சந்தனமாரி அம்மாவின் கன்னத்தைத் தட்டினாள். பிறகு ஆவுடையம்மாளின் கன்னத்தைத் தட்டினாள். பிறகு பயந்துபோய் அவளும் அழ ஆரம்பித்தாள். தாங்கள்தான் பிள்ளையைப் பாடிப் பாடிக் கொல்கிறோமோ என்று பிரம்மசக்தி பயந்தாள், வார்த்தை மட்டும் வந்தபடி இருந்தது.

பதினோரு நிமிடம் இருபது வினாடி வந்தது. இரண்டு பேரும் மூச்சை இழுத்து, பாட்டில் இல்லாத ஒரு வரியைப் பாடினார்கள். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கோமு மட்டும் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சக்தி" என்றாள் மெதுவாக, "இங்க நீளம் மாறுதுட்டி. பதினொண்ணு இருவத்தஞ்சு. இருவத்தாறு. நீங்க பாடப் பாட இதுவும் கூடுது. எங்க நிறுத்துனாலும் அதுதான் பாட்டோட நீளம்."

பிரம்மசக்திக்கு அது புரிந்தது. ஆவுடையம்மாளுக்கும் புரிந்தது. ஒருத்தி மூச்சு வாங்க மற்றவள் வரியைப் பிடித்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரம் வந்து போனது, அவர்கள் நிறுத்தவில்லை. பொழுது விடிந்தது, நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் ஒருத்தி தூங்க ஒருத்தி பாடுவது என்று முறை வைத்துக்கொண்டார்கள், ஒரு மூச்சுக்கு மேல் இடைவெளி விழுந்தால் பிள்ளையின் உதடு நீலமாவதை இரண்டு தடவை பார்த்தபிறகு அந்த முறையில் ஒரு நொடிகூடப் பிசகவில்லை. ஆவுடையம்மாள் ரத வீதி வீட்டுக்கே குடிவந்தாள். தெருக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து நியாயம் கேட்க வந்தார்கள்தான், ஆனால் பாட்டை நிறுத்திப் பதில் சொல்ல முடியாதவளிடம் எவ்வளவு நேரம் நியாயம் கேட்பது, சொரிமுத்து கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பிரம்மசக்தி மாடி வேலைக்கும் பாடியபடியே போனாள், பாடியபடியே டிக் போட்டாள்.

ஒப்பாரிச் சொற்கள் எத்தனை நாளைக்கு வரும், ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டன. பிறகு அன்றன்றைக்கு நடந்ததைப் பாட்டில் போட்டார்கள். சந்தனமாரிக்குப் பல் விழுந்தது, கணக்கில் முட்டை வாங்கியது, அப்பனிடம் பொய் சொன்னது, சைக்கிள் பழகி விழுந்தது, பெரிய மனுஷியானது, சிநேகிதி பேசாமல் போனது, மாமன் எடுத்துக்கொடுத்த பாவாடை பிடிக்கவில்லை என்று மூலையில் வீசியது எல்லாம் அழுகிற ராகத்திலேயே அந்தப் பாட்டுக்குள் போய்ச் சேர்ந்தன. மூன்று பட்டியலிலும் அதைவிட நீளமான பாட்டு கிடையாது. ஊரில் மற்ற சாவுகள் வழக்கம் போல டிக் வாங்கி வந்து போய்க்கொண்டிருந்தன.

சந்தனமாரிக்குப் பதினாறு வயதானபோது ஆவுடையம்மாளின் தொண்டையில் ரத்தம் வர ஆரம்பித்தது. அவளுடைய முறையைப் பிரம்மசக்தி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள், தூங்குவது நான்கு மணி நேரமாகி, மூன்றாகி, இரண்டானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆவுடையம்மாள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்க, சந்தனமாரி வந்து அம்மாவின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போதும்மா. நிறுத்து. என்ன ஆகுதுன்னு பாத்துருவோம். எட்டு வருஷமா எனக்கு ஒப்பாரி கேட்டுக் கேட்டே வயிறு நெறையுது. உன் வாயால எங்கிட்ட நீ ஒரு வார்த்த பேசணும்மா. சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த சும்மா கேளு. அது போதும் எனக்கு."

பிரம்மசக்தி மகளைப் பார்த்தாள். அவளுக்கும் அது ஆசைதான், எட்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தை தொண்டையிலேயே நின்றது. வரி முடிந்தது. ஒரு மூச்சு எடுத்தாள். மகளின் உதடு லேசாக நிறம் மாறத் தொடங்குவது கண்ணில் பட்டது.

"நிறுத்தச் சொல்லுதாளே, என் கண்ணு, நெஞ்சறுத்துக் கேக்காளே" என்று பாடினாள். "சாப்பிட்டியான்னு கேக்கச் சொல்லுதாளே, என் சாமி, நான் எப்படிக் கேப்பேனோ."